கபடியில் தலையில் அடிபட்டு ஏழு மாதம்: அப்போது எனக்கு யாரும் சொல்லாதவை

எங்கள் ஊர் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில். முந்திரி, பலா, செம்மண், கபடி, இந்த நான்கும் இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் கிடையாது. எட்டாம் வகுப்பில் ஆட ஆரம்பித்தவன் நான். லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவன். எதிரணியிலிருந்து பாடி வரும் ரெய்டர் கூடுதல் பாயின்டுக்காக போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போது தரையோடு தரையாகப் பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பதுதான் என் வேலை. பதினோரு வருடம் அதைச் செய்தேன். விரல் பிசகியிருக்கிறது, முட்டி வீங்கியிருக்கிறது, முன்பல் ஒன்று பாதி போயிருக்கிறது. அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காயம். கட்டோடு தெருவில் நடந்தால் நாலு பேர் நின்று விசாரிப்பார்கள். 2023 ஜனவரியில் பட்ட அடி அப்படி இல்லை. வெளியே ஒரு கீறல் கிடையாது. அதனாலேயே யாரும் நம்பவில்லை, சில நாள் நானே நம்பவில்லை. போன மாதம் சித்தப்பா மகன் போன் செய்து, "அண்ணா, தலையில முட்டி இடிச்சிருச்சு, ஸ்கேன் நார்மல்னுட்டாங்க, ஞாயித்துக்கிழமை ஆடலாம்ல?" என்று கேட்டான். அவனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும்தான் இதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அன்று காணும் பொங்கல், ஜனவரி 17. பக்கத்து ஊரில் மின்னொளி கபடி. முதல் பரிசு முப்பதாயிரம். எங்கள் மூன்றாவது ஆட்டம் இரவு பதினொன்றரைக்கு மேல்தான் தொடங்கியது. அதற்கு ஆறு மாதம் முன்னால், 2022 ஜூலையில், எங்கள் பண்ருட்டிப் பக்கத்திலேயே ரெய்டுக்குப் போன 22 வயசுப் பையன் ஒருவர் களத்திலேயே விழுந்து இறந்துபோயிருந்தார். அந்த வீடியோ எல்லோர் போனிலும் இருந்தது. அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். உட்கார்ந்ததும் ஆட்டத்தைத் தொடங்கினோம். ஒரு ஆம்புலன்ஸ், ஒரு நர்ஸ், ஒரு ஸ்ட்ரெச்சர் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இரண்டாவது பாதியில் அவர்கள் ரெய்டர் ஒருவனின் காலைப் பிடித்தேன். அவன் திமிறித் திரும்பும்போது அவனுடைய முட்டி என் காதுக்கு மேலே இடித்தது. மயங்கவில்லை. ஒரு வெள்ளை வெளிச்சம், அப்புறம் காதில் ஒரு ரீங்காரம். தண்ணி தெளித்தார்கள், யாரோ சோடா கொடுத்தார்கள், எழுந்து நின்று கையை உயர்த்தினேன், கூட்டம் கைதட்டியது. இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. மீதியை நான் பார்த்தது யூடியூபில். இப்போது ஊர்ப் போட்டிகளைக்கூட நேரலையாகப் போடுகிறார்கள் அல்லவா, அந்த வீடியோவில் நான் எழுந்து நேராக எதிரணிப் பக்கம் நடந்துபோய் அவர்களுடைய கார்னரில் நிற்கிறேன். எங்கள் கேப்டன் வந்து தோளைப் பிடித்து இழுத்து வந்து என் இடத்தில் நிறுத்துகிறார். வர்ணனையாளர் மைக்கில் சிரிக்கிறார். கூட்டமும் சிரிக்கிறது. அதற்கப்புறம் எட்டு நிமிடம் ஆடியிருக்கிறேன், இரண்டு பிடி பிடித்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவன் மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கன்கஷன் என்று டாக்டர்கள் சொல்லும் மூளை அதிர்ச்சியில் பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லை. தப்பான பக்கம் போய் நிற்பது, கேட்டதையே திரும்பக் கேட்பது, பதில் சொல்ல இரண்டு நொடி கூடுதலாக எடுப்பது, கண் ஒரே இடத்தில் நிலைகுத்துவது, நடை தள்ளாடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஆளை வெளியே உட்கார வைக்க வேண்டும். வெளிநாட்டுப் போட்டிகளில் கேட்கும் கேள்விகள் மிகச் சுலபமானவை. இது எந்த கிரவுண்ட்? இப்போது எந்தப் பாதி ஆட்டம்? கடைசியாகப் பாயின்ட் எடுத்தது யார்? போன ஆட்டத்தில் யாரோடு மோதினோம், ஜெயித்தோமா? உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. மூளை கலங்கியவனும் அதைச் சரியாகச் சொல்லிவிடுவான். நான் சொன்னேன்.

ஆட்டம் முடிந்து ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். இரண்டாவது முறை எடுத்ததும் நண்பன் பயந்துபோய் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் "மணி என்னடா?" என்று ஆறேழு தடவை கேட்டேனாம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தலைக்கு சிடி ஸ்கேன். "ரத்தக்கசிவு எதுவும் இல்ல, நார்மல், வீட்டுக்குப் போலாம்" என்றார்கள். ஸ்கேன், ஊசி, படுக்கை எல்லாம் சேர்த்து 4,700 ரூபாய். டீமில் 1,500 கொடுத்தார்கள். அந்தப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கி, பங்கு பிரித்ததில் என் கைக்கு வந்தது 800. "நார்மல்" என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதையும் யாரும் சொல்லவில்லை. எத்தனை நாள் ஓய்வு, என்ன செய்யக்கூடாது, எது நடந்தால் திரும்பி வர வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டு இல்லை. நானும் கேட்கவில்லை. நார்மல் என்ற பிறகு என்னத்தைக் கேட்பது?

பிற்பாடு ஒரு டாக்டர் எனக்குச் சொன்ன விளக்கம்தான் மண்டையில் ஏறியது. "நெத்துத் தேங்காயைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்திருக்கியா? உள்ள கொப்பரை ஆடி ஓட்டுல இடிக்கும். ஓடு உடையல, அதனால உள்ள எதுவும் ஆடலைன்னு சொல்லுவியா?" என்று கேட்டார். சிடி ஸ்கேன் பார்ப்பது எலும்பில் விரிசல் விட்டிருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதைத்தான். உயிருக்கு உடனடி ஆபத்தா என்று தெரிந்துகொள்ள அது மிக அவசியம். ஆனால் அதிர்ச்சியில் நரம்பு இழைகள் இழுபட்டு, மூளை வேலை செய்வதில் ஏற்படும் கோளாறு அந்தப் படத்தில் விழாது. கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேன் நார்மலாகத்தான் இருக்கும். ஸ்கேன் நார்மல் என்றால் இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று அர்த்தம், ஆடலாம் என்று அர்த்தமில்லை. சித்தப்பா மகனிடம் இதை மூன்று தடவை சொன்னேன்.

அடுத்த நாளே வேலைக்குப் போனேன். பண்ருட்டியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடும் வேலை, மாதம் 13,000. டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் ஊசி மாதிரி குத்தியது. கம்ப்யூட்டரில் வரிசை வரிசையாக எண்களைப் பார்த்தால் குமட்டியது. மூன்றாம் நாள் 18,400 ரூபாய் பில்லை 14,800 என்று அடித்து அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் கணக்கு இடித்தபோதுதான் தெரிந்தது. முதலாளி கத்தவில்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். ராத்திரி எட்டு மணிக்கே தூக்கம், நடுராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு, அப்புறம் விடியும்வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அப்பா திருப்பூரில். சொன்னால் அன்றோடு கபடிக்கு முற்றுப்புள்ளி என்று தெரியும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போய்விடலாம் என்று மூன்று வருடமாகச் சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டிருந்தவன் நான். மாவட்ட அளவில் தேர்வு பிப்ரவரியில் வர இருந்தது. அந்த நேரத்தில் தலைவலி என்று வாயைத் திறப்பேனா? நம்மிடம் அடியை மறைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீரத்துக்காக மறைப்பதில்லை, இடம் போய்விடும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். பயிற்சியாளர்கள் இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஜனவரி 26, குடியரசு தினப் போட்டி. கேப்டன் போன் செய்தார். "ஸ்கேன் நார்மல்தானேடா? வந்துரு, கார்னருக்கு ஆளில்ல." முதல் அடி பட்டு ஒன்பதாவது நாள். காலையில் தலைவலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். ஆடுவதற்காக மாத்திரை போட வேண்டியிருக்கிறது என்றால் ஆடக்கூடாது என்று அர்த்தம். இப்போது எவ்வளவு சுலபமாக எழுதுகிறேன் பாருங்கள்.

இரண்டாவது அடி ஒரு அடியே இல்லை. எதிரணிக்காரன் கைகூட வைக்கவில்லை. கைகோத்துச் சங்கிலி போட்டு ரெய்டரை மடக்கும்போது எங்கள் கவர் ஆட்டக்காரனின் தோள் என் தாடையில் இடித்தது, சாதாரண நாளில் துடைத்துக்கொண்டு போகும் இடி. நான் அப்படியே சாய்ந்துவிட்டேன். அதுவும் வீடியோவில் இருக்கிறது. தரையில் கிடக்கும்போது என் வலது கை முழங்கையில் மடங்கி விறைத்து மேலே நிற்கிறது. அந்த ஒரு காட்சியை மட்டும் என்னால் இன்றுவரை முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் நினைவில்லை. இந்த முறை யாரோ புத்திசாலி 108க்கு அடித்திருக்கிறார். அரசு மருத்துவமனையில் மறுபடி ஸ்கேன், மறுபடி நார்மல். ஆனால் அங்கே ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் எழுப்பி, கண்ணில் டார்ச் அடித்து, கையை அழுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். முதல் அடியின் அதிர்ச்சி ஆறாமல் இருக்கும்போது இரண்டாவது சின்ன அடி பட்டாலும் மூளை தாங்காது, சிறு வயசுப் பையன்களுக்கு அரிதாகச் சில சமயம் மூளையே வீங்கி உயிர் போய்விடும் என்று அங்கேதான் முதல் முறையாகக் கேட்டேன். டியூட்டியில் இருந்த ஒரு இளம் டாக்டர், என் வயசுதான் இருக்கும், கோபமாகச் சொன்னார்: "ஒம்போது நாள்ல யாரு உன்னை ஆட விட்டது?" யாரும் விடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

அன்று அவர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தது இன்றும் என் பர்ஸில் இருக்கிறது. தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி நிற்காமல் வந்தால், எழுப்பினாலும் எழாமல் அசந்து கிடந்தால், வலிப்பு வந்தால், ஒரு கையோ காலோ மரத்தால், பேச்சு குழறினால், இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் தெரிந்தால், மூக்கிலோ காதிலோ தண்ணி மாதிரி ஒழுகினால் அந்த நிமிடமே கிளம்பு. முதல் இரண்டு நாள் தனியாக இருக்காதே, வண்டி ஓட்டாதே, குடிக்காதே. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை புரூஃபென், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகள் வேண்டாம். தூங்கவே விடக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். டாக்டர் பார்த்து அனுப்பிய பிறகு தூங்கலாம், தூங்கத்தான் வேண்டும். பக்கத்தில் ஒருத்தர் இருந்து சொன்ன நேரத்துக்கு எழுப்பிப் பார்த்தால் போதும்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காய்ச்சல் மாதிரி இல்லை. எதுவும் பெரிதாக இல்லை, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகும். "அது, அது, தண்ணி ஊத்துறது" என்று சொம்பைக் காட்டியிருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால் மேளச் சத்தத்தில் தலை பிளந்துவிடும். படுக்கையில் வலது பக்கம் திரும்பினால் வீடே ராட்டினம் சுற்றும். கோபம்தான் கொடுமை. ஒருநாள் காலையில் அம்மா மிக்ஸியில் சட்னி அரைத்தார். அந்தச் சத்தம் தாங்காமல் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கி, ஜாரைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டேன். வாழ்க்கையில் அம்மாவை எதிர்த்துப் பேசாதவன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் வழிந்த தேங்காய்ச் சட்னியைத் துடைத்தார். மறுநாள் காலையில் பின்கட்டில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், வருஷக்கணக்காகத் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த அம்மியை நிமிர்த்திக் கழுவி, அதில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் செய்தது உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போட்டதுதான். அதுவும் ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஊரில் வேறு கதை. குடிக்கிறான் என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள். டீமில் சிலர் "வேலைக்குப் போகாம இருக்க டிராமா" என்றார்கள். தலையில் ஒரு கட்டு இருந்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது.

பணம் எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன், வேறு யாராவது மிச்சப்படுத்தட்டும். தலைவலிக்குக் கண் பவராக இருக்கும் என்று யாரோ சொல்ல, 2,400 ரூபாயில் கண்ணாடி. ஒரு வாரம்கூடப் போடவில்லை. யாரும் எழுதித்தராமல் நானே போய் எம்ஆர்ஐ எடுத்தேன், 7,500. அதுவும் நார்மல். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் அழுதேன், ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று. தனியார் நரம்பு டாக்டர் ஃபீஸ் ஐந்து முறைக்கு 3,000. மாத்திரைகள் 6,200. முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவு 4,700. பில் தப்பில் பிடித்தது 3,600. மூன்று மாதச் சம்பளம் போனது 39,000. கூட்டினால் 66,400. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது. ஆனால் நான் செய்ததெல்லாம் வெளிநோயாளியாகவும் சொந்தக் கைக்காசிலும் செய்தது, அட்டையை நீட்ட இடமே வரவில்லை. "பைக்ல விழுந்தேன்னு சொல்லு, விபத்துத் திட்டத்துல வரும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யவில்லை. பொய் என்பது ஒரு பக்கம், எப்படி அடிபட்டது என்று டாக்டருக்குத் தப்பாகச் சொன்னால் சிகிச்சையும் தப்பாகும். அந்த இரண்டு யூடியூப் வீடியோக்களைப் போனில் காட்டியதுதான் கடைசியில் எனக்கு உதவியது. உங்கள் ஆட்டம் வீடியோவில் இருந்தால் உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நீக்கிவிடவும் கூடும்.

மே மாதம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனேன். விடிவதற்குள் பஸ் ஏறி, வரிசையில் நின்று, மதியம்தான் டாக்டரைப் பார்க்க முடிந்தது. ஆனால் அந்த ஒரு நாளில் மூன்று முடிச்சு அவிழ்ந்தது. முதலாவது, தலைவலிக்கு நான் தினமும் மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரையே தலைவலியை உண்டாக்கிக்கொண்டிருந்தது. மாதத்தில் பத்து, பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அப்படி ஆகுமாம். நிறுத்தச் சொன்னார்கள். முதல் பத்து நாள் நரகம், அப்புறம் பாதி வலி போய்விட்டது. இரண்டாவது, படுக்கையில் திரும்பினால் சுற்றுவது மூளைக் கோளாறே இல்லை. உள்காதில் இருக்கும் பொடிபோன்ற சுண்ணாம்புத் துகள் அடியில் இடம் மாறியிருக்கிறது. என்னைச் சட்டென்று படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் தொங்கவிட்டு, மெதுவாக மறுபக்கம் திருப்பி, உட்காரவைத்தார் ஒரு டாக்டர். எப்லி முறை என்றார். அந்த ஒரு நிமிடம் ரூமே சுழன்றது, அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் இன்னொரு முறை. அவ்வளவுதான், போயே போய்விட்டது. இதற்காக மூன்று மாதம் மாத்திரை தின்றிருக்கிறேன்! அடிபட்ட பிறகு படுக்கும்போதும் திரும்பும்போதும் மட்டும் சுற்றினால், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

மூன்றாவது, நான் இருட்டு அறையில் படுத்தே கிடந்தது தப்பு. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வும், போன் வெளிச்சத்தைக் குறைப்பதும் சரி. அதற்குமேல் முடங்கிக் கிடந்தால் குணமாவது தள்ளித்தான் போகுமாம். தலைவலி பெரிதாகக் கூடாத அளவுக்கு நடக்க வேண்டும், தினமும் கொஞ்சம் கூட்ட வேண்டும். முந்திரித் தோப்பு வழியே பத்து நிமிடத்தில் தொடங்கி, ஆகஸ்டில் நாற்பது நிமிடம் நடந்தேன். திரும்ப ஆட வேண்டுமென்றாலும் ஏணிப்படி மாதிரி ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அன்றாட வேலை, அப்புறம் வேக நடை, அப்புறம் ஓட்டம், அப்புறம் உடல் மோதாத பயிற்சி, டாக்டர் சரி என்ற பிறகே பிடி பயிற்சி, கடைசியாகத்தான் போட்டி. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள். தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். எவ்வளவு வேகமாகப் படி ஏறினாலும் ஒரு வாரத்துக்கு முன்னால் களத்துக்கு வர முடியாது. நான் ஒன்பது நாளில் வந்தேனே என்று கேட்கலாம். இதில் ஒரு படியைக்கூட ஏறாமல், பெஞ்சிலிருந்து நேராகக் களத்துக்குக் குதித்தவன் நான்.

இனி, ராத்திரி இரண்டு மணிக்கு என்னைத் தின்ற பயத்தைப் பற்றி. தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டே இருந்தேன். மைக் வெப்ஸ்டர், ஆளோடு ஆள் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் வீரர், பிட்ஸ்பர்க் அணிக்காரர், 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர்தான், குத்துச்சண்டைக்காரர்களிடம் முன்பு பார்த்த சிடிஇ என்ற மூளைத் தேய்வு நோயைக் கால்பந்து வீரர் ஒருவரிடம் முதல்முறையாகக் கண்டுபிடித்தார். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் ஆடிய 111 பேரின் மூளையைப் பார்த்ததில் 110இல் அது இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்ஸன் 2003 ரக்பி உலகக்கோப்பையை ஜெயித்த அணியில் இருந்தவர். 42 வயதில் மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள். கோப்பையை வாங்கியதே நினைவில்லை என்கிறார். அதைப் படித்துவிட்டு, என் முதல் கோப்பை எந்த ஊரில் வாங்கினேன் என்று விடிய விடிய யோசித்துக்கொண்டிருந்தேன். சின்னச் சின்ன இடிகளைக் கணக்குப் போட்டேன். பதினோரு வருடம், வாரத்துக்கு இரண்டு என்றாலும் ஆயிரத்தைத் தாண்டியது.

டாக்டரிடம் அதே கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்தது. அந்த 111 மூளைகளும் குடும்பத்தார் தானமாகக் கொடுத்தவை, அதில் பலர் உயிரோடு இருக்கும்போதே தொந்தரவு தெரிந்தவர்கள், அதனால் ஆடுகிற எல்லோருக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். உயிரோடு இருக்கும்போது அந்த நோயை உறுதி செய்யவும் முடியாது, இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், அதனால் இருக்கிறதா இல்லையா என்று தேடி ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைக்காதே என்றார். ஆனால் ஒன்றை மழுப்பாமல் சொன்னார். பெரிய அடி ஒன்றிரண்டைவிட வருஷக்கணக்காகப் படும் சின்ன அடிகளின் மொத்தம்தான் இதில் முக்கியம் என்று நினைக்கிறார்கள், அதில் பலவற்றுக்குத் தலைவலிகூட வராது. இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்டல் என்ற கால்பந்து வீரர் பந்தைத் தலையால் முட்டி முட்டியே மூளை கெட்டு இறந்தார் என்று 2002இல் விசாரணை அதிகாரியே தீர்ப்பு எழுதியிருக்கிறார். "பட்டதை அழிக்க முடியாது. இனிமே படறதைக் குறைக்கலாம். பிபி, சர்க்கரை, குடி, தூக்கம், இதெல்லாம் உன் கையில" என்றார். ஆடாதே என்று அவர் சொல்லவில்லை. நான்தான் விட்டேன். அந்தச் சான்றிதழ் ஃபைல் பீரோவில் இருக்கிறது.

கபடி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் தம்பி வயசுப் பையன்களை சாராயக் கடைப் பக்கம் போகாமல் வைத்திருப்பது அதுதான். ஆனால் எரிச்சல் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜா ஹெல்மெட்டில் பந்து பட்டதும் அவருக்குப் பதில் சாஹல் இறங்கியது நினைவிருக்கலாம். கிரிக்கெட்டில் அப்படி ஆள் மாற்ற 2019இல் தனியாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கபடியில் அதற்குச் சட்டமே வேண்டாம். களத்தில் ஏழு பேர், வெளியே மாற்று ஆட்கள் ஜெர்சி போட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். அடிபட்டவனை உட்காரவைக்க ஒரு கை சைகை போதும். செய்ய மாட்டேன் என்கிறோம். பரிசுப் பணத்தில் இரண்டாயிரத்தைக் குறைத்தால் ஒரு நர்ஸை ராத்திரி முழுக்க உட்கார வைக்கலாம். காலைப் பிடிக்கப் பாயும்போது தலையை முட்டிக்கு நேரே கொடுக்காமல் தொடைக்கு வெளிப்பக்கம் ஒதுக்கப் பழக்கலாம். எனக்கு அதை யாரும் பழக்கவில்லை. நெற்றியில் கட்டும் பட்டையோ தலைக்கவசமோ மண்டை உடைவதைத் தடுக்கலாம், உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

இப்போது ஊர்ப் போட்டிகளில் ஸ்கோர் எழுத உட்காருகிறேன். ஃபோகஸ் லைட்டுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். நீண்ட நேரம் ஆனால் இன்னும் கண் கூசுகிறது. இந்தப் பொங்கலுக்கு 55 கிலோ பிரிவில் ஒரு பையன், பதினாறு பதினேழு வயசு இருக்கும், தலை தரையில் இடித்து எழுந்தான். பென்சிலை வைத்துவிட்டுப் போய், கடைசிப் பாயின்ட் யார் எடுத்தது என்று கேட்டேன். என்னையே பார்த்தான். அப்புறம் "நீங்க யாருண்ணா?" என்றான். நாங்கள் இருவரும் ஒரே தெரு. அவர்கள் கேப்டனுக்குக் கோபம், "அண்ணே, ஸ்கோர் போடற வேலையப் பாருங்க" என்றான். நடுவர் என் பக்கம் நின்றதால் பையனை வெளியே உட்கார வைத்தோம். அவங்க அக்கா நம்பரை வாங்கி, ஸ்கோர் தாளின் ஓரத்தில் நேரத்தையும் எப்படி விழுந்தான் என்பதையும் எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணி குடித்துக்கொண்டே பையன் கேட்டான், "மணி என்னண்ணா?" பத்தேகால் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் மணி கேட்டான்.